லைப்ரரியை எடுக்கும் முன் ‘முருகன்’ என்று அச்சடித்துப் பாருங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் கோயில் நிர்வாகங்கள், சங்கங்கள், பாலர் பள்ளிகள், அப்புறம் சில உணவகங்கள். அர்ச்சனைச் சீட்டு, சந்தா ரசீது, உறுப்பினர் பட்டியல், பில் இவைதான் எங்கள் அன்றாட வேலை. அத்தனையும் திறமூல லைப்ரரிகளின் மேல்தான், அதாவது பிறர் எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்த ஆயத்த நிரல்களின் மேல்தான், நிற்கின்றன. ஆகவே எந்த லைப்ரரியை எடுப்பது, எதை விடுவது என்ற பேச்சு அலுவலகத்தில் ஓயாது.

புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கவனிக்கிறேன். திறமூல நிரல்கள் குவிந்திருக்கும் கிட்ஹப் தளத்தில் எத்தனை ஸ்டார், வாரத்துக்கு எத்தனை டவுன்லோடு, யாரோ ஒருவர் போட்ட வேகப் பட்டியலில் எது முதலிடம் என்று பார்க்கிறார்கள். அந்த எண்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவை ஆங்கிலத்தில் இன்வாய்ஸ் அடிக்கிறவரின் கேள்விக்கான பதில்கள். ‘முருகன்’ என்ற சொல் ஒழுங்காக அச்சாகுமா என்பதற்கு எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் ஒரு கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். தமிழில் வேலை செய்யும் டெவலப்பருக்கு மற்ற எல்லாக் கட்டங்களும் அதற்குப் பிறகுதான்.

ஏன் ‘முருகன்’? யூனிகோடில் மு என்பது ம, உகரக் குறி என்று இரண்டு குறியெண்களாக இருக்கிறது. ரு-வும் அப்படியே. ன் என்பது ன-வும் புள்ளியும். திரையிலோ தாளிலோ இவற்றைச் சேர்த்து உரிய வடிவத்தைக் கொண்டுவர வடிவமைக்கும் இயந்திரம் ஒன்று தேவை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபீஸ் எல்லாவற்றிலும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல லைப்ரரி. அதையோ அதைப் போன்ற ஒன்றையோ பயன்படுத்தாத லைப்ரரி, குறியெண்கள் வருகிற வரிசையிலேயே உருவங்களை அடுக்கிவிடும். அப்போது ம-வுக்குப் பக்கத்தில் உகரக் குறி தனியாக ஒட்டாமல் நிற்கும். ‘பெருமாள்’ என்றால் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய்விடும்.

செந்தூல் பக்கம் ஒரு கோயிலுக்கு ரசீது முறை அமைக்கப் போனோம். அங்கே ஏற்கெனவே வேறொருவர் செய்து கொடுத்த முறை ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தில். தமிழில் ஏன் அடிப்பதில்லை என்று பொருளாளரைக் கேட்டேன். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அவர். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்து நீட்டினார். ‘பெருமாள்’ இருக்க வேண்டிய இடத்தில் ப முன்னே, கொம்பு பின்னே.

“சாமி பேரையே இப்படிக் குடுத்தா வாங்குறவங்க மனசு என்னாகும் தம்பி? அதான் இங்கிலீஷ்லயே போயிட்டோம்” என்றார்.

அந்தச் சீட்டை முன்னால் வைத்துக்கொண்டே ஒரு பக்கத்துக்குச் சோதனைத் தாள் தயாரித்தோம். முருகன், பெருமாள், கொடிமரம், கௌரி, ஸ்ரீ, தட்சிணாமூர்த்தி, கிருஷ்ணபக்ஷம் ஆகிய சொற்கள். வரி மடங்கும் அளவுக்கு நீளமான ஒரு பெயர். மலாயில் ஒரு வரி. சீன எழுத்தில் ஒரு நன்கொடையாளர் பெயர், ஏனென்றால் எங்கள் ஊர்க் கோயில்களில் அர்ச்சனை செய்யும் சீனர்கள் நிறைய. கடைசியில் ‘51 வெள்ளி’ என்று ஒரு தொகை. எந்த பிடிஎஃப் லைப்ரரியை எடுத்தாலும் முதலில் இந்தத் தாளை அச்சடித்துப் பொருளாளர் ஐயாவிடம் கொடுத்துவிடுவது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து மாணவர் கட்டுரையைத் திருத்துவதுபோலத் திருத்திக் கொடுப்பார். “ஸ்ரீ பிரிஞ்சி நிக்குது பாருங்க, இதை ஒட்டி வைங்க” என்று ஓரத்தில் எழுதிய ஒரு தாள் இன்னும் எங்கள் சுவரில் இருக்கிறது. இதைவிடக் கறாரான தரச் சோதனையை நான் பார்த்ததில்லை.

பிஎச்பி மொழி உலகில் மிகவும் பரவலான டாம்பிடிஎஃப் மலாயையும் ஆங்கிலத்தையும் அழகாக அடித்தது. ஆனால் தமிழை வடிவமைக்கும் வேலையை அது செய்வதில்லை, முதல் வரியிலேயே சிவப்பு விழுந்தது. எம்பிடிஎஃப் ஓபன்டைப் எழுத்துரு விதிகளைத் தானே படிக்கக்கூடியது. தமிழ் எழுத்துருவுக்கு அந்த வசதியை அமைப்புக் கோப்பில் நாம் இயக்கிவிட வேண்டும். இயக்காமல் பார்த்துவிட்டு ‘இதுவும் தேறாது’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, அது அந்த லைப்ரரிக்குச் செய்யும் அநியாயம். பைதான் மொழியில் வீஸிபிரிண்ட், எழுத்தை அடுக்கும் பாங்கோ என்ற லைப்ரரி வழியாக ஹார்ஃப்பஸைக் கூப்பிடுகிறது, ஆகவே தமிழ் சரியாக வந்தது. தலையில்லாக் குரோமை, அதாவது திரையில் தோன்றாமல் ஓடும் உலாவியை, பப்பட்டீர் என்ற லைப்ரரி வழியாக ஓட்டினால் உலாவியில் தெரிவது அப்படியே தாளில் வரும், ஜாவாஸ்கிரிப்டும் ஓடும். ஆனால் ஒரு சீட்டு அடிக்க முழு உலாவியையே சர்வரில் ஏற்றி வைக்க வேண்டும், நினைவகமும் அதற்குத் தக்கபடி போகும்.

நாங்கள் வீஸிபிரிண்டை எடுத்தோம். எங்கள் சீட்டில் ஜாவாஸ்கிரிப்ட் இல்லை, சர்வர் சின்னது. விளக்கப்படம், வரைபடம் எல்லாம் வைத்து ஆண்டறிக்கை அடிக்கிறவர்கள் குரோமை எடுப்பதுதான் சரி.

தாள் சரியாக வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். அந்த பிடிஎஃப்பைத் திறந்து ‘பெருமாள்’ என்று தேடுங்கள். பிடிஎஃப் முதன்மையாக உருவங்களைத்தான் சேமிக்கிறது. எந்த உருவம் எந்த எழுத்து என்று திரும்பிச் சொல்லும் அட்டவணையை லைப்ரரி ஒழுங்காக எழுதியிருந்தால்தான் தேடலும் நகலெடுப்பதும் நடக்கும். கண்ணுக்குச் சரியாக இருந்தும் தேடினால் கிடைக்காத பிடிஎஃப்கள் தமிழில் ஏராளம். பத்து ஆண்டு ரசீதுகளிலிருந்து ஒருவர் பெயரைத் தேட வேண்டிய நிர்வாகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று எழுத்துரு. நம் மடிக்கணினியில் ஏற்கெனவே தமிழ் எழுத்துரு இருக்கும், அதனால் எல்லாம் நன்றாகத் தெரியும். சர்வரில் நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் மட்டும் கட்டி வைத்த மெலிந்த டாக்கர் இமேஜில் எழுத்துருவே இருக்காது, வெறும் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழை நாமே உள்ளே வைத்துவிட வேண்டும். அதில் சீன எழுத்து கிடையாது, அதற்குத் தனி நோட்டோ வேண்டும். இரண்டுமே எஸ்ஐஎல் ஓபன் ஃபாண்ட் உரிமத்தில் வருகின்றன, பிடிஎஃப்பில் பதித்துக் கொடுக்கத் தடையில்லை. எழுத்துருவும் நம் நிரல் நம்பியிருக்கும் ஒரு சார்புதான், அதன் உரிமத்தையும் படிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தைப்பூச நேரத்துக் கவுண்டர்களில் ஏ4 தாள் எல்லாம் சரிவராது. 80 மில்லிமீட்டர் தெர்மல் ரோல்தான். அந்தப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் தமிழ் எழுத்து கிடையாது, ஆகவே சீட்டைப் படமாக வரைந்து அனுப்புவதே வழி. 203 டிபிஐ பிரிண்டரில் அச்சாகும் அகலம் 576 புள்ளி. பிரிண்டருக்கு அனுப்பப் பைதான்-எஸ்க்பாஸ், படம் வரையப் பில்லோ. இரண்டும் நல்ல லைப்ரரிகள், உரிமமும் தாராளமானது. ஆனால் பில்லோவில் எழுத்தை அடுக்க இரண்டு வழிகள் உள்ளன. அடிப்படை வழி தமிழை உடைத்துவிடும். ரக்ம் என்ற வழி ஹார்ஃப்பஸைப் பயன்படுத்திச் சரியாக வரையும். 8.2 பதிப்பிலிருந்து பில்லோவின் தயார்ப் பொதிகளில் ரக்ம் கூடவே வருகிறது. என்றாலும் ஓடும் நேரத்தில் ஃப்ரைபைடி என்ற இன்னொரு லைப்ரரி கணினியில் கிடைத்தால்தான் அது வேலை செய்யும். லினக்ஸில் ஒரு கட்டளையில் ஃப்ரைபைடியை நிறுவிவிடலாம். விண்டோஸில் அதன் டிஎல்எல் கோப்பை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, பில்லோ பேசாமல் அடிப்படை வழிக்குப் போய்விடும். கோயில் கவுண்டர்களில் இருப்பதெல்லாம் விண்டோஸ் கணினிகள். அதனால் எங்கள் நிரல் தொடங்கியதும் செய்யும் முதல் வேலை, ரக்ம் இருக்கிறதா என்று பில்லோவின் அம்சச் சோதனையைக் கேட்பது. இல்லையென்றால் அச்சடிக்காமல் நின்றுவிடும். ஒரே நிரல் ஓர் இடத்தில் சரியாகவும் இன்னோர் இடத்தில் தவறாகவும் அச்சடிக்கும் என்பதை எந்த வேகப் பட்டியலும் சொல்லாது.

அச்சுக்கு வெளியேயும் இதே கதைதான். பைதானோடு வரும், எழுத்து வடிவங்களைத் தேடும் ரீ மாட்யூலில் சொல்லெழுத்துக்கான பேக்ஸ்லாஷ் டபிள்யூ நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘முருகன்’ என்பதைச் சொற்களாகப் பிரிக்கச் சொன்னால் ‘ம’, ‘ர’, ‘கன’ என்று மூன்று துண்டு தரும். இதன்மேல் கட்டிய தேடல், முகவரி ஆக்கி, சொல் எண்ணி எல்லாவற்றுக்கும் இதே கோளாறு வரும். பைதானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில், தலைப்பை இணைய முகவரித் துண்டாக்கும் ஸ்லக் செயலியை யூனிகோடுக்கு அனுமதி கொடுத்து ஓட்டினாலும் ‘மரகன’ என்றுதான் வெளியே வரும். தனியாக நிறுவும் ரீஜெக்ஸ் மாட்யூல் குறிகளைச் சொல்லின் பகுதியாகவே நடத்துகிறது. எழுத்து எழுத்தாகப் பிரிக்க வேண்டுமென்றால் ஓபன்-தமிழ் இருக்கிறது. அதன் ஸ்டார் எண்ணிக்கையைப் பெரிய லைப்ரரிகளோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் மு என்பது ஓர் எழுத்து என்று அதற்குத் தெரியும். எங்களுக்கு அது போதும்.

மலேசியத் தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. ஐசி எனும் அடையாள அட்டையில் நம் பெயர்களுக்கு நடுவே ஏ/எல், ஏ/பி என்று சாய்கோட்டோடு இருக்கும், மகன், மகள் என்பதற்கு. பெயரில் எழுத்து மட்டுமே வரலாம் என்று நினைக்கும் படிவ லைப்ரரி அதை மறுத்துவிடும். பெயரை வைத்துக் கோப்புப்பெயர் உண்டாக்கும் லைப்ரரி அந்தச் சாய்கோட்டைப் பார்த்து ஒரு ஃபோல்டரைத் தேடப் போகும். குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே எந்தச் சரிபார்ப்பு லைப்ரரியை ஒப்பிட்டாலும் சோதனைத் தரவில் ஒரு ஏ/எல், ஒரு ஏ/பி, ஒற்றைப் பெயர் ஒன்று கட்டாயம்.

அகரவரிசையும் பார்க்க வேண்டும். குறியெண் வரிசையிலேயே அடுக்கினால் ஜெயலட்சுமி, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் வந்து உட்காருவார். மொழிவாரி வரிசை தெரிந்த ஐசியு என்ற லைப்ரரியைப் பயன்படுத்தும் எதுவும் கிரந்த எழுத்துகளைக் கடைசியில் சரியாக வைக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியு வரிசையை ஏற்கிறது, உலாவியில் இன்டில் கொலேட்டர் இருக்கிறது. தனி லைப்ரரி தேடி அலைய வேண்டியதில்லை.

தேதி லைப்ரரிகளைப் பற்றி இணையத்தில் எழுதாதவர் இல்லை. அளவு, வேகம், எழுதும் முறை எல்லாம் ஒப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊருக்கென்று ஒரு சோதனை இருக்கிறது, அதை வேறு யாரும் செய்யப்போவதில்லை. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 டிசம்பர் 31 வரை உலகப் பொது நேரமான யூடிசியைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. அன்றிரவு 11:30-க்குக் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்து, 1982-ஐ எட்டு மணி நேர வித்தியாசத்தில் தொடங்கினோம். இப்போது 1975-இல் பிறந்த ஓர் உறுப்பினரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரல் அவர் பிறந்த நாளின் நள்ளிரவை நிலையான எட்டு மணி வித்தியாசத்தில் கணக்கிட்டு யூடிசியில் சேமிக்கிறது. இன்னொரு நிரல் கோலாலம்பூர் நேரமண்டலத்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு அதைத் திருப்பிக் காட்டுகிறது. முந்தைய நாள் இரவு 11:30 என்று வரும், பிறந்தநாள் ஒரு நாள் பின்னே போய்விடும். லைப்ரரி இரண்டும் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கின்றன. பிறந்தநாளை நேரத்தோடு சேர்த்துச் சேமித்ததுதான் கோளாறு. நேரமில்லாத வெறும் தேதி என்ற வகை ஒரு லைப்ரரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜாவாவின் லோக்கல்டேட், ஜாவாஸ்கிரிப்டின் டெம்போரல் பிளெய்ன்டேட் இரண்டும் அந்த வகைதான்.

உணவகப் பில்லில் இதற்கு எதிர்த்திசைப் பிரச்சினை. 2024 ஆகஸ்ட் 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மலேசிய மின்-இன்வாய்ஸில் நேரத்தை யூடிசியில்தான் கொடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்குத் தோசை சாப்பிட்டவரின் பில் யூடிசியில் முந்தைய நாள் இரவு பதினொன்று. மாதத்தின் முதல் தேதி என்றால் மாதமே மாறிவிடும். எந்த லைப்ரரியை எடுத்தாலும் காலை எட்டு மணிக்கு முன்னால் ஒரு பில், எட்டுக்குப் பின்னால் ஒரு பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

அப்புறம் உரிமம். இதை நான் கடைசியில் எழுதினாலும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் சோதனைக்கு நேரம் செலவழித்த பிறகு உரிமம் ஒத்துவரவில்லை என்றால் அத்தனையும் வீண். ஜாவாவில் பிடிஎஃப் என்றதும் ஐடெக்ஸ்ட் பெயர்தான் வரும். 2009-இல் 5-ஆம் பதிப்போடு அது ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. இணையம் வழியாகச் சேவை கொடுத்தாலும் மூலநிரலைப் பயனருக்குத் தர வேண்டும் என்பது அந்த உரிமத்தின் மையம். அது முடியாதவர்கள் வணிக உரிமம் வாங்க வேண்டும். தமிழை வடிவமைக்கும் பிடிஎஃப்கேலிகிராஃப் என்ற துணைப்பகுதி தனியாக, கட்டணத்துக்குத்தான் கிடைக்கிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, உழைப்புக்கு விலை கேட்கிறார்கள். ஆனால் ‘ஐடெக்ஸ்ட் தமிழை ஆதரிக்கும், அது திறமூலம்’ என்று ஒப்பீட்டுப் பட்டியலில் இரண்டு டிக் போட்டால், அந்த இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை அல்ல.

உரிமம் பாதியில் மாறுவதும் உண்டு. அடிக்கடி தேவைப்படும் தரவை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸ் 2024 மார்ச்சில் தாராளமான பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டது. உடனே லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் அதன் கிளையாக வால்கீ பிரிந்து வந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8 ஏஜிபிஎல்லையும் ஒரு வழியாகச் சேர்த்துக்கொண்டது. ஒரே நிறுவனத்தின் கையில் முழு உரிமையும் இருக்கும் திட்டத்தில் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். அதனால் எங்கள் கேஷ் நிரலை ஒரே கோப்புக்குள் வைத்திருக்கிறோம், ரெடிஸோ வால்கீயோ அந்த ஒரு கோப்பைத் தொட்டால் போதும்.

பராமரிப்பு எப்படி இருக்கிறது என்பதைக் கடைசிக் கமிட் தேதியை, அதாவது நிரல் கடைசியாக மாறிய தேதியை, வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் தேதி லைப்ரரியான மொமெண்டின் குழுவினர் 2020 செப்டம்பரில், இனிப் புதிய வசதி சேர்க்கமாட்டோம், புதுத் திட்டங்களுக்கு லக்ஸான், டே.ஜேஎஸ் போன்றவற்றைப் பாருங்கள் என்று தாங்களே எழுதி வைத்தார்கள். என்னைக் கேட்டால் திறமூலத்தில் அதைவிட நேர்மையான செயல் அபூர்வம். பிடிஎஃப்புக்குப் பலரும் நம்பியிருந்த டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் 2023-இல் காப்பகமாக மூடப்பட்டது. அதைப் பரிந்துரைக்கும் பழைய பதில்கள் இன்னும் தேடலில் மேலே வருகின்றன.

எக்ஸ்இசட் விவகாரத்தை ஒவ்வொரு டெவலப்பரும் படிக்க வேண்டும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் ஒரு சுருக்க லைப்ரரியை ஏறக்குறைய ஒரே ஆள் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, நம்பிக்கையைப் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். 2024 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை விடாமல் துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். இதைப் படித்த பிறகு ஒரு லைப்ரரியை ஒப்பிடும்போது நான் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைவிட, வெளியீட்டுக்குக் கையெழுத்துப் போட எத்தனை பேருக்கு அதிகாரம் இருக்கிறது, அவர்களில் ஒருவர் களைத்துப்போனால் அடுத்தவர் யார் என்று பார்க்கிறேன். குறைகளைப் பதியும் இஷ்யூ பக்கத்தில் பயனர்கள் பராமரிப்பாளரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கோபமாக விரட்டும் குரல்கள் மட்டுமே தெரிந்தால் அங்கே சீக்கிரம் ஆள் மாறும்.

நாலு வரி வேலைக்கு லைப்ரரியே வேண்டாம் என்பதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பொதி, ஜாவாஸ்கிரிப்ட் பொதிக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டதும், அதை நம்பியிருந்த பேபெல், ரியாக்ட் போன்ற பெரிய திட்டங்கள் வரை பில்ட் உடைந்தது.

தமிழில் ஒரு லைப்ரரி தவறினால் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதோடு நிறுத்தாதீர்கள். தவறை அந்த லைப்ரரியின் இஷ்யூ பக்கத்தில் பதியுங்கள். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தச் சொல், அதன் குறியெண்கள் வரிசையாக, எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் எல்லாம் வேண்டும். கொ-வில் க-வுக்குப் பின் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம், ஆகவே குறியெண் கட்டாயம். ஓடும் நிரல் பத்து வரிக்குள் இருந்தால் பராமரிப்பாளர் உடனே ஓட்டிப் பார்ப்பார். கூடவே இரண்டு படங்கள்: லைப்ரரி வரைந்தது ஒன்று, அதே சொல் ஃபயர்ஃபாக்ஸில் தெரிவது ஒன்று. தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த இரண்டையும் அருகருகே வைத்தால் எது எங்கே பிசகியது என்று புரிந்துவிடும். பொருளாளர் ஐயாவின் அனுமதியோடு சிவப்பு மை போட்ட தாளையே ஸ்கேன் செய்து இணைத்ததும் உண்டு. பராமரிப்பாளர்கள் கேள்வி எதுவும் கேட்காமல் நேரே திருத்தத்தை அனுப்பினார்கள்.